"பாஸ்வேர்ட் மட்டும்தானே மாத்தினனாங்கள்?"

இந்த வசனத்தோடு கடைக்கு வருகிறவர்கள் இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. போன கிழமை ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்து இரண்டு பேர் கொம்பியூட்டர் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் கடைக்கு வந்தார்கள். கணக்கு எழுதும் பிள்ளை பிரசவ லீவில் சாவகச்சேரியில் தாய் வீட்டில் நிற்கிறா. மாத முடிவு, சம்பளப் பட்டியல் வேண்டும். வந்தவர்களில் ஒருவரிடம் அட்மின் கணக்கு, அதாவது மற்றவர்களின் கணக்கையும் மாற்றக்கூடிய கணக்கு இருந்தது. யூரியூப்பில் பார்த்து, கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து, அந்தப் பிள்ளையின் கணக்குக்குப் புதிய பாஸ்வேர்ட் போட்டுவிட்டார். உள்ளே போயாயிற்று. கோப்பின் பெயரும் தெரிகிறது. திறக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. குரோமில் அவ சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளும் வேலை செய்யவில்லை.

"அண்ணை, பாஸ்வேர்ட் மட்டும்தான் மாத்தினனாங்கள். வேற ஒண்டும் தொடேல்லை."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைக்கிறது. பாஸ்வேர்ட் என்றால் படலைப் பூட்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பூட்டை உடைத்துப் புதுப்பூட்டுப் போட்டால் வீட்டுச் சாமான் இருந்தபடி இருக்கும்தானே என்பது அவர்களின் கணக்கு. விண்டோஸில் அப்படி இல்லை. வீட்டுக்குள் ஒரு இரும்பு அலுமாரி இருக்கிறது. அந்த அலுமாரியின் சாவியையே பழைய பாஸ்வேர்டால்தான் பூட்டி வைத்திருக்கிறது.

உரியவர் பழைய பாஸ்வேர்டை அடித்துவிட்டுப் புதியதை வைத்தால் விண்டோஸ் அந்தச் சாவியை வெளியே எடுத்துப் புதிய பாஸ்வேர்டால் திரும்பப் பூட்டிவிடும். ஒன்றும் போகாது. அட்மின், பழையது தெரியாமலே வேறொன்றைத் திணிப்பது முற்றிலும் வேறு வேலை. படலை திறக்கும், அலுமாரிச் சாவி பழைய பூட்டுக்குள்ளேயே கிடக்கும். விண்டோஸில் என்கிரிப்ட் செய்த (சாவி இல்லாமல் வாசிக்க ஏலாதபடி பூட்டிய) கோப்புறைகள், சேமித்த பாஸ்வேர்டுகள், சொந்த டிஜிட்டல் சான்றிதழ்கள் எல்லாம் அதோடு சேர்ந்து அடைபடும். அட்மினாலும் திறக்க ஏலாது. கணினி முகாமைத்துவத் திரையில் இதைச் செய்தால் தகவல் இழக்க நேரிடும் என்று எச்சரிக்கை வரும். நம்மவர்கள் அதை வாசிக்காமலே 'தொடர்' அழுத்துவார்கள். கறுப்புத் திரையில் அந்த எச்சரிக்கையும் இல்லை.

(விண்டோஸ் இல்லை, நான் உபுண்டு, நான் மக் என்று சிரிக்கிறவர்களுக்கு: அங்கேயும் சேமித்த பாஸ்வேர்டுகளின் பெட்டி பழைய பாஸ்வேர்டைத்தான் கேட்கும்.)

எனக்குக் கோபம் வந்தது இதற்கில்லை. சாவகச்சேரி என்ன கனடாவா? ஒரு போன் எடுத்திருக்கலாம்.

நான் எடுத்தேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "அண்ணா, ஒரு நிமிசம், பிள்ளையைக் குடுத்திட்டு வாறன்" என்றா. வந்து பழைய பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னா, எது பெரிய எழுத்து என்பது உட்பட. புதியதைப் போட்டு உள்ளே போய், கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் அழுத்தி, பழையதையே திரும்ப வைத்தேன். வெளியே வந்து மறுபடி நுழைந்ததும் சம்பளப் பட்டியல் திறந்தது. அவவுக்குப் பழையது மறந்திருந்தால் நானும் கையைத்தான் விரித்திருப்பேன்.

லீவில் போகிறவரிடம் வேண்டிய கோப்புகளைப் பொதுக் கோப்புறைக்கு மாற்றி வாங்குங்கள், போன பிறகு அல்ல, போக முதல். என்கிரிப்ட் செய்பவர் அதன் சாவியை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அதை அதே மேசை லாச்சிக்குள் போடாதீர்கள். ஆளுக்கொரு கணக்கு வைத்து, அட்மின் அதிகாரத்தை ஒருவர் இருவரிடம் மட்டும் விடுங்கள். எல்லோரும் அட்மின் என்றால் யாரும் யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றலாம். மின்னஞ்சலோடு இணைந்த மைக்ரோசொஃப்ட் கணக்கு என்றால் உரியவர்தான் இணையத்தில் மாற்ற வேண்டும், என்னிடம் கொண்டு வந்து பயனில்லை.

அடுத்து, "மனுசியின்ரை லப்டொப், அவவுக்குத் தெரியாமல் ஒருக்கா..." என்று தொடங்குகிறவர்கள். அனுமதி இல்லாமல் இன்னொருவருடைய கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். புருசன் என்பதால் விலக்கு இல்லை. நான் செய்து தர மாட்டேன், விலை பேச வேண்டாம்.

ஏற்கனவே மாற்றிவிட்டீர்களா? சரி, தயவு செய்து இனி எதையும் தொடாதீர்கள். உரியவரைத் தேடிப் பிடித்துப் பழைய பாஸ்வேர்டைக் கேளுங்கள். பக்கத்துப் பெடியனிடம் கொடுத்து போர்மட் அடித்து, புது விண்டோஸ் போட்டுக்கொண்டு மட்டும் வராதீர்கள். அப்போது அலுமாரிச் சாவியே அழிந்துபோய்விடும், பழைய பாஸ்வேர்ட் நினைவிருந்தும் பிரயோசனம் இல்லை.