உங்கள் ஊர்க் குளத்தின் மறுகால் எங்கே பாய்கிறது?

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நெடுங்காலம் பணிசெய்த பொறியாளன் நான். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேச வருபவர்களிடம், அவர்கள் ஊர்க் குளத்தின் மறுகால், அதாவது குளம் நிறைந்தால் உபரிநீர் வெளியேறும் ஓடை, எந்தப் பக்கம் பாய்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் சொல்பவர்கள்கூட இதற்கு விடை தெரியாமல் தயங்குகிறார்கள்.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த அளவு மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தாலே ஒன்பதரை லட்சம் கன மீட்டர் நீர் சேரும். அணைகளுக்குக் கீழே, சமவெளியில் விழுந்த அந்த நீரைக் குளங்கள்தாம் தாங்கியாக வேண்டியிருந்தது.

மேல்குளம் நிறைந்தால் உபரிநீர் கலிங்கலில் (உபரிநீர் வழிவதற்கெனக் கரையில் தாழ்வாகக் கட்டிய தடுப்பில்) வழிந்து, மறுகால் ஓடையில் இறங்கி, அடுத்த குளத்தைச் சேரும். கூடுதலாக ஓரடி நீர் பிடிக்கலாம் என்று கலிங்கல்மேல் மணல் மூட்டை அடுக்கினாலோ, ஓடையில் சீமைக்கருவேலம் மண்டினாலோ, அதை மேடாக்கி மனை பிரித்தாலோ, வெளியேற வழியற்ற நீர் கரைமேல் ஏறும். அப்படி வழியும் நீர் மண்கரையின் வெளிச்சரிவை அரித்து உடைத்துவிடும். தேங்கிய நீர் முழுவதும் கீழ்க்குளத்தின் மீது பாயும்போது அந்தக் கரையும் ஆபத்துக்குள்ளாகிறது. அந்த வெள்ளத்தில் வாழைத் தோட்டங்கள் மணல்மூடிக் கிடந்ததையும், ஆற்றுக்குள் இருந்த குடிநீர் உறைகிணறுகள் சேதமானதால் சுற்றிலும் வெள்ளம் நிற்க மக்கள் குடிநீருக்குத் தவித்ததையும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே ஐப்பசி பிறக்குமுன் கலிங்கலையும் மறுகால் ஓடையையும் ஊரார் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். மதகுகளின் ஷட்டர்கள் ஏறி இறங்குகின்றனவா என்று இயக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். மனை வாங்குவோர் பத்திரத்தோடு நின்றுவிடாமல், வருவாய்த்துறையின் புலப்படத்தில் அவ்விடத்தை ஒட்டி ஓடைப் புறம்போக்கு இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. நிலம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நீர்வழியில் வீடு கட்ட வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

மழை நாட்களில் கரையின் வெளிப்புற அடிவாரத்தைப் பகலிலும் இரவிலும் கண்காணிக்க வேண்டும். கசியும் நீர் தெளிவாக இருந்தால், அது பெருகுகிறதா என்று தொடர்ந்து பாருங்கள். கலங்கலாக வந்தால் கரைக்குள் மண் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை காத்திராமல், கரைக்குக் கீழே குடியிருப்பவர்களை உடனே மேட்டுப்பகுதிக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள்.