இரட்டைப் பிள்ளையும் இருபது நிமிட மாத்திரையும்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மனைவி வயிற்றில் இரட்டைக் குழந்தை. மூணாம் மாசமே ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருக்காங்க. அது ஹார்ட் அட்டாக் வந்தவங்க போடுற மாத்திரையாச்சே?"

அதே மாத்திரைதான். தடுக்கப் பார்ப்பது வேறு நோயை, 'ப்ரீ-எக்லாம்ப்சியா' என்கிற கர்ப்பகால நோயை: பிரஷர் ஏறும், சிறுநீரில் 'உப்பு' போகும் (போவது உண்மையில் புரதம்), முற்றினால் வலிப்பு வரும். இரட்டை என்றால் இதற்கான வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு.

கருப்பையின் ரத்தக்குழாய்களைக் கண்மாய் மடை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து மாதத்துக்குள் நஞ்சுக்கொடியின் செல்கள் உள்ளே புகுந்து ஷட்டரையே கழற்றிவிடும். பிறகு ரத்தம் தாராளமாகப் பாயும். சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. குழாய் குறுகலாகவே இருக்க, பிளேட்லெட்டுகள் (ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள்) திராம்பாக்சேன் என்ற பொருளைச் சுரந்து அதை இன்னும் இறுக்கும், ரத்தத்தையும் கட்டிதட்ட வைக்கும். ஆஸ்பிரின் தடுப்பது இந்தத் திராம்பாக்சேனைத்தான். ஷட்டர் வேலை முடியும் முன்பே, 12 முதல் 16 வாரத்துக்குள், மாத்திரையைத் தொடங்கச் சொல்வது இதனால்தான். வளைகாப்பு முடிந்து ஆரம்பித்தால் பெரிய பலன் இருக்காது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஆஸ்பிரின் ரத்தத்தில் இருபது நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அப்புறம் எப்படி ஒரு நாள் முழுக்க வேலை செய்கிறது? பிளேட்லெட்டில் திராம்பாக்சேன் செய்யும் நொதி ஒன்று உண்டு. அதன் வாசலில் ஆஸ்பிரின் தன்னிடமுள்ள ஒரு துணுக்கைக் கழற்றி ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. மூலப்பொருள் உள்ளே போக வழியில்லை. வேறு செல்லாக இருந்தால் புது நொதி செய்துகொள்ளும். பிளேட்லெட்டுக்கோ, அதற்கான செய்முறை இருக்கும் உட்கருவே கிடையாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும்போது கட்டிக்கொடுத்த சோறுதான். வழியில் அடுப்பு மூட்ட முடியாது. எட்டுப் பத்து நாள் ஆயுளையும் ஊமையாகவே கழிக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களுக்கு உட்கரு இருப்பதால், குழாயை விரிக்கும் பொருளை அவை மீண்டும் செய்துகொள்கின்றன. போதாததற்கு, ஆஸ்பிரின் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிற வழியிலேயே பிளேட்லெட்டுகள் அதனிடம் மாட்டிக்கொள்கின்றன. மீதியில் பாதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். குறைந்த அளவு போதுமென்பதன் ரகசியம் இதுதான். 1899இல் கடைக்கு வந்த மருந்து இந்த வகைப் பொருள்கள் உருவாவதையே தடுக்கிறது என்ற சூட்சுமத்தை பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971இல்தான் கண்டுபிடித்தார். 1982இல் நோபல் வாங்கினார்.

2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களில் ஒரு பாதிக்கு இரவில் 150 மி.கி. கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே வரும் இந்த நோய், வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் 1.6. ஆனால் எல்லாருமே ஒற்றைப் பிள்ளைக்காரிகள்! இரட்டைக்கு இவ்வளவு கறாரான கணக்கு இல்லை. காப்புரிமை போன மலிவு மாத்திரைக்கு எந்த கம்பெனி செலவழிக்கும்? அரசுதான் பணம் போட வேண்டும். ஒட்டு வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை என்று கர்ப்பிணி கையிலிருந்து பழத்தைப் பிடுங்குகிற ஊரில், இதைக் கேட்க ஆளில்லை.

வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 36ஆம் வாரம் வாக்கில் நிறுத்தச் சொல்வார். இரட்டை என்றால் சற்று முன்பேகூட. நிறுத்திய பத்து நாளில் புதுப் பிளேட்லெட்டுகள் வந்து சேர்ந்துவிடும், பிரசவ அறைக்கு.