சாரம்: திசுப் பொறியியலின் 'ஸ்கஃபோல்ட்'

உயிரணுக்களைக் கொண்டு புதுத் திசு வளர்க்கும் திசுப் பொறியியலில் வரும் 'ஸ்கஃபோல்ட்' என்ற சொல்லைச் சிலர் 'சட்டகம்' என்று தமிழாக்குகிறார்கள். அது பொருந்தாது. சட்டகம் கடைசிவரை நிலைத்து நிற்பது. ஸ்கஃபோல்டோ, உயிரணுக்கள் ஒட்டிப் பெருகித் திசுவாகும்வரை தாங்கிவிட்டு, பிறகு கரைந்து போகவேண்டிய நுண்துளைப் பொருள். கட்டட வேலையில் கம்புகளைக் கட்டி, பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுவார்களே, அந்தச் சாரம்தான் இதற்கு நேர்ச்சொல்.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. உயர்த்திக் கட்டிய மேடை என்பது அடிப்படைப் பொருள். வேலையாட்கள் நிற்கும் மேடை, மரண தண்டனை மேடை இரண்டுக்கும் அதுவே பெயர். 1993இல் ராபர்ட் லாங்கரும் ஜோசப் வாகாண்டியும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை திசுப் பொறியியலைப் பரவலாக அறியவைத்தது. இன்று அத்துறையில் இந்தச் சொல் இல்லாமல் வேலை நடக்காது.

சாரத்தை வடிவமைப்பது இப்போது பெரும்பாலும் கணினி வேலை. துளை கூடினால் வலு குறையும். துளை குறைந்தால் உள்ளே உயிரணு சாகும். இரத்த நுண்குழாயிலிருந்து ஆக்சிஜன் ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரான் தொலைவுதான் பரவும். அதனால் துளையில்லாத தடித்த கட்டியில் உயிரணுக்களை விதைத்தால் ஓரம் மட்டும் பிழைக்கும். எலும்புக்கான சாரத்தில் துளை 300 மைக்ரானுக்கு மேல் இருந்தால் நுண்குழாய்கள் உள்ளே வளர வசதி. இந்த இழுபறிக்கு ஆய்வாளர்கள் அதிகம் நாடும் வடிவம் 'ஜைராய்டு'. நாசாவில் பணியாற்றிய ஆலன் ஷோன் 1970இல் விவரித்த வளைபரப்பு அது. சைன், கோசைன் கலந்த ஒரே சமன்பாட்டில் அதைத் தோராயமாக எழுதிவிடலாம். அதிலுள்ள மாறிலியைச் சற்று நகர்த்தினால் சுவரின் தடிப்பு மாறும், துளைவிகிதமும் மாறும். பிறகு, வடிவத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வரம்புறு கூறு முறையில் அதன் விறைப்பைக் கணக்கிடலாம். ஊட்டநீர் பாயும்போது உயிரணுக்கள் மேல் விழும் உராய்வு அழுத்தத்தை, நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் பாய்மக் கணிப்பு தரும்.

சறுக்குவது, இந்த வடிவத்தை முப்பரிமாணத்தில் அச்சிடும்போதுதான். உருகிய இழை தொய்ந்து துளையைச் சுருக்கும். லேசரால் தூளை இணைக்கும் முறையில் இணையாத தூள் துளைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வரைந்த துளை ஒன்று, கிடைத்த துளை வேறொன்று. எனவே அச்சிட்ட துண்டை நுண் சி.டி. ஸ்கேன் செய்து, அந்த வடிவத்தை வைத்து மறுபடி கணக்கிடவேண்டும். இதைச் செய்யாமல் வெளியிடும் விறைப்பு எண்ணை நம்ப முடியாது.

அடுத்தது கரையும் வேகம். லாக்டிக், கிளைகோலிக் அமில அலகுகள் சமபாதியாக உள்ள பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர் ஓரிரு மாதத்தில் சிதையும், பி.சி.எல். எனப்படும் பாலிகேப்ரோலாக்டோன் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தாங்கும். பி.எல்.ஜி.ஏ. துண்டு தடித்துவிட்டால், சிதைவில் பிறக்கும் அமிலம் நடுவில் தேங்கி, சிதைவை மேலும் முடுக்கும். வெளித்தோடு நிற்க, உட்புறம் முதலில் வெற்றிடமாகிவிடும். புதுத் திசு சுமையேற்கும் முன்பே சாரம் சரிந்தால் எல்லாம் வீண்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஹாலிஸ்டரும் கிளென் கிரீனும் 2012இல் ஒரு கைக்குழந்தைக்கு, தளர்ந்த சுவாசக்குழல் மூடிவிடாமல் பிடித்திருக்கப் பொருத்திய தாங்கியில் இந்தக் கால அளவு தெளிவாகத் தெரியும். குழந்தையின் சி.டி. படத்திலிருந்து கணினியில் வடிவமைத்து, பி.சி.எல். தூளை லேசரால் இணைத்துச் செய்தார்கள். சுமார் மூன்று ஆண்டுகளில் அது கரையவேண்டும். அதற்குள் குழல் வளர்ந்து தானே விறைத்துவிடும் என்பது கணக்கு. இதில் உயிரணு விதைப்பு இல்லை. ஆனாலும், தாங்கிவிட்டு விலகுவது என்ற சாரத்தின் குணம் முழுதாக இருக்கிறது.

மருந்து வேதியியலில் மூலக்கூறின் மையப் பகுதியையும் 'ஸ்கஃபோல்ட்' என்பார்கள். அது எங்கும் போவதில்லை. அங்கே 'சட்டகம்' சரி.

தமிழில் 'சாரம்' பல பொருள் தருவதையும் கவனிக்கவேண்டும்: பிழிவு என்றொரு பொருள், இலங்கையில் ஆண்கள் இடுப்பில் உடுத்துவதும் சாரம். 'திசுச் சாரம்', 'எலும்புச் சாரம்' என்று எழுதினால், திசுவை அரைத்த வடிநீர், எலும்பின் பிழிவு என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். கட்டுரையில் முதல்முறை வரும்போது 'சாரக்கட்டு' என்று எழுதி, 'திசுவுக்கான சாரக்கட்டு', 'எலும்புக்கான சாரக்கட்டு' என வேற்றுமை உருபோடு சேர்க்கலாம். பொருள் பதிந்த பிறகு 'சாரம்' போதும். வினையாக, 'சாரம் கட்டுதல்', 'உயிரணு விதைத்தல்', 'சாரம் கரைதல்'.