ட்வின் சிலிண்டர்: இரட்டை உருளையா, இணை உருளையா?

வேலூர் சத்துவாச்சாரியில் அக்கா வீட்டு வாசலில் ஒரு புது வண்டி வந்து நின்றது. அக்கா மகன் அதைச் சென்னையில் எடுத்து, புது எஞ்சின் என்பதால் விரட்டாமல் பதமாக ஓட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்ந்திருந்தான். விடிந்ததும் தெருப் பிள்ளைகள் வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பால்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

"இதுல இன்னாடா அவ்ளோ விசேஷம்?" என்று கேட்டார் அவன் பாட்டி.

"ட்வின் சிலிண்டர் பாட்டி."

"டபுள் சிலிண்டரா? வூட்டுல அடுப்புக்கே ஒண்ணுதான் கீது, உனுக்கு ரெண்டா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பாட்டி கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. நம் வீடுகளில் சிலிண்டர் என்றால் எரிவாயு உருளைதான். 'டபுள் சிலிண்டர்' என்றால் ஒன்று தீர்ந்ததும் மாட்டுவதற்கு இன்னொன்று கைவசம் இருக்கிற வசதியான வீடு. அச்சுக்குப் போகும் தமிழைத் திருத்திக்கொடுப்பது என் பிழைப்பு என்பதால், அக்கா மகன் என் பக்கம் திரும்பி, "சரி மாமா, இதுக்குத் தமிழ்ல என்னதான் சொல்றது?" என்றான். அங்கே நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது.

முதலில் அவன் வண்டி. ஏப்ரிலியா டுவோனோ 457. இத்தாலிய நிறுவனம், தயாரிப்பு மகாராஷ்டிரத்தின் பாராமதியில். 2023 டிசம்பரில் வந்த ஆர்எஸ் 457 என்ற வண்டியின் எஞ்சினையே வைத்து 2025 பிப்ரவரியில் இது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 'டுவோனோ' என்றால் இத்தாலிய மொழியில் இடி. பெயரைக் கேட்டதும் பாட்டிக்குப் பிடித்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இனி சொல்லுக்கு வருவோம். சிலிண்டர் ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. கிரேக்கத்தில் 'கிலிண்ட்ரோஸ்' என்று இருந்தது, லத்தீனில் நுழைந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அடி, 'உருட்டு' என்ற பொருள் தரும் ஒரு வினை. உருளுவது எதுவோ அது சிலிண்டர். நம்முடைய 'உருளை'யும் அப்படியே: உருள் என்ற வினை, அதிலிருந்து உருளை. ஒரே குடும்பத்தில் பிறக்காத இரண்டு மொழிகள் ஒரே பொருளை ஒரே மாதிரி பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டு, கிரேக்கச் சொல்லே தமிழிலிருந்து போனதுதான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். உருளுகிற பொருளைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது உருளல்தான்.

உருள் நம்மிடம் பழைய சொல். 'உருள்பெருந்தேர்' என்று குறளில் வருகிறது, அச்சாணியைச் சொல்லும் 667ஆம் குறளில். உருண்டை, உருட்டு, உருளி, உருளைக்கிழங்கு எல்லாம் அந்தக் குடும்பம்தான். கோயில் பிரகாரத்தில் செய்யும் அங்கப்பிரதட்சணத்துக்கு உருளுதண்டம் என்றொரு பெயர் உண்டு. இப்போது பையன்கள் ஒருவரையொருவர் பார்த்து "உருட்டாதடா" என்கிறார்களே, அந்த உருட்டும் இந்த வீட்டுப் பிள்ளைதான். கடைசியாகப் பிறந்தது, கொஞ்சம் வால்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'நேர்வட்ட உருளை' என்று படித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கன அளவு, பை ஆர் ஸ்கொயர் ஹெச். வண்டிக்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் 'சிசி' இதே கணக்குதான். நம்மூரில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் இரட்டைச் சிலிண்டர் வண்டியான ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரின் விட்டம் 78 மில்லிமீட்டர், அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 67.8 மில்லிமீட்டர். சென்டிமீட்டரில் மாற்றினால் ஆரம் 3.9, உயரம் 6.78. பெருக்கிப் பாருங்கள், 324 கன சென்டிமீட்டர் வரும். இரண்டு உருளைக்கு 648. கம்பெனி சொல்லும் 648 சிசி இதுதான். அக்கா மகனிடம் இதைப் போட்டுக் காட்டியபோது, "இதை எங்க சார் அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சென்டம் எடுத்திருப்பேன்" என்றான். உருட்டு.

ஆக, சிலிண்டருக்கு உருளை என்பதில் பாடநூல் அளவில் சிக்கல் இல்லை. பட்டறையில்தான் வேறு கதை. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளைப் பிரிக்கிற நம் மெக்கானிக்குகள் சிலிண்டர் என்ற சொல்லையே அதிகம் எடுப்பதில்லை. "பிளாக் போச்சு", "போர் பண்ணணும்", "பிளாக் பிஸ்டன் மாத்தணும்" என்பதுதான் அங்கே பேச்சு. சிலிண்டரை அவர்கள் எண்ணத் தொடங்குவதே அது ஒன்றுக்கு மேல் போகும்போதுதான்.

அடுத்தது ட்வின். பழைய ஆங்கிலத்தில் இதற்கு 'இருமடியான, இரண்டால் ஆன' என்பது பொருள். ஒன்றாகப் பிறந்த பிள்ளைகளுக்கு ஆகி வந்தது பிறகு. தமிழில் 'இரட்டை' இந்த இரண்டு வேலையையும் எப்போதும் பார்த்து வருகிறது: இரட்டைப் பிள்ளை, இரட்டை வாழைப்பழம், இரட்டைச் சடை, இரட்டை மாட்டு வண்டி. இரண்டு வேறு, இரட்டை வேறு. சந்தையில் தனித்தனியாக வாங்கிய இரண்டு மாடுகள் வெறும் இரண்டுதான். ஒரே நுகத்தில் பூட்டினால் இரட்டை. எஞ்சினுக்கு இந்தப் பொருள் அச்சாகப் பொருந்தும். இரண்டு பிஸ்டன்களும் பூட்டியிருப்பது, அவை ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்கும் ஒரே கிராங்க் தண்டில்.

எங்கள் ஊரில் இரட்டை என்ற பட்டத்தைத் தப்பாக வாங்கிக்கொண்ட வண்டிகள் இரண்டு உண்டு. ஒன்று ஜாவா, அதன் தம்பி எஸ்டி. 1961இல் மைசூரில் தொடங்கி 1996 வரை அங்கே தயாரானவை. பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைலன்ஸர் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து "டபுள் சிலிண்டர் வண்டி" என்று அடித்துச் சொன்ன பெரியவர்களை எனக்குத் தெரியும். அந்த 250 சிசி வண்டிக்கு உருளை ஒன்றே ஒன்று. புகை மட்டும் இரண்டு வழியாகப் போனது. இன்னொன்று பல்சர். 2003இல் 'ட்வின் ஸ்பார்க்' என்று வந்தபோது, ட்வின் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அங்கே இரட்டையாக இருந்தது ஸ்பார்க் பிளக். சிலிண்டர் ஒன்றுதான். நிஜமான இரட்டை அந்தக் காலத்தில் ராஜ்தூத் 350. 1983இலிருந்து 1989 வரை வந்தது, யமஹா ஆர்டி 350இன் இந்திய வடிவம். அதன் சத்தத்தை இன்றைக்கும் வாயாலேயே செய்து காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சத்தம் என்றதும் ஒன்று. வண்டிச் சத்தத்தைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? தடதட, படபட, குடுகுடு. இலக்கணத்தில் இதற்குப் பெயர் இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது, தனியாக ஒரு 'தட' ஓடாது. இரட்டைச் சிலிண்டர் வண்டி அந்த அளவுக்கு இல்லை. ஒரு பிளக் போனாலும் நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடும் என்றார் பட்டறை பாய்.

எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போன இடம் 'பேரலல் ட்வின்' என்பது. அக்கா மகன் வண்டியும் இன்டர்செப்டரும் இந்த வகைதான். இரண்டு உருளையும் பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் உரசி நிற்கும். பேரலல் என்பதும் கிரேக்கம்தான், 'ஒன்றன் அருகில் ஒன்று' என்று பொருள். நம் கணக்குப் புத்தகத்தில் அதற்கு 'இணை', அதாவது இணைகோடுகள். அதே இணைக்கு 'ஜோடி' என்ற பொருளும் உண்டு. இணையடி என்றால் இரண்டு திருவடி. அப்படியானால் 'இணை உருளை' என்று சொன்னாலே போதும், இரண்டு என்பதும் பக்கம் பக்கமாக என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு இரண்டு சொல் தேவைப்பட்ட இடத்தில் நமக்கு ஒன்று. இப்படி மொழி தானாகவே கொடுக்கிற இடங்கள் அதிகம் அமையாது. அமைந்தால் விடக்கூடாது.

வி-ட்வின் வேறு. ஹார்லி வண்டிகளில் பார்த்திருப்பீர்கள், இரண்டு உருளையும் மரக்கிளை பிரிவதுபோல் மேலே விரிந்து நிற்கும். கிளை பிரியும் இடத்துக்கு நம்மிடம் கவை என்றும் கவட்டை என்றும் சொல் இருக்கிறது. 'கவை உருளை' என்றால் கவட்டையில் கல் வைத்து மாங்காய் அடித்தவனுக்கு உடனே புரியும்.

இனி '270 டிகிரி கிராங்க்' என்கிறார்களே, அது. இணை உருளை வண்டிகளைப் பற்றிப் பேசும் பையன்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், பாதிப் பேருக்கு என்னவென்று தெரியவில்லை. பிஸ்டன் என்ற சொல்லின் பூர்வீகம் இத்தாலிய மொழியில் 'இடித்தல்'. அதாவது உலக்கை. ஓர் உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி உலக்கை ஏறும்போது இன்னொருத்தியுடையது இறங்கும். இரண்டு பிஸ்டனும் அப்படி மாறி மாறிப் போனால் 180 டிகிரி கிராங்க். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் 360, பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இருந்தது. 270இல் ஒன்று இன்னொன்றைவிட முக்கால் சுற்று தள்ளிப் போகும். அதனால் வெடிப்பு சம இடைவெளியில் விழாது. ஒன்று முடிந்து 270 டிகிரியில் அடுத்தது, பிறகு 450 டிகிரி கழித்து அதற்கடுத்தது. 90 டிகிரி வி-ட்வினின் தாளமும் இதுதான். இரட்டை நிற்பது இணையாக, பேசுவது கவையாக. சத்துவாச்சாரித் தெருவில் அக்கா மகன் ஸ்டார்ட் செய்தபோது கேட்டது, புல்லட்டின் ஒற்றை 'டப் டப்' போல நிதானமாக இல்லாமல், யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தொண்டைக்குள் உருட்டுவது போல இருந்தது.

'ஸ்போர்ட்ஸ் பைக்'குக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. 'விளையாட்டு வண்டி' என்று மொழிபெயர்த்தால், கோட்டை மைதானத்துப் பொருட்காட்சியில் பிள்ளைகள் ஏறிச் சுற்றுகிற வண்டி ஆகிவிடும். பந்தய வண்டி என்றால் நிஜப் பந்தயத்துக்குப் போவது. இருக்கட்டும், ஸ்போர்ட்ஸ் பைக்காகவே ஓடட்டும்.

மொழிபெயர்ப்பு என்றாலே நிலைக்காது என்பார்கள். ஏலகிரிக்குப் போய்ப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி மலை ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். 2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்தபின் திருப்பத்தூருக்குப் போய்விட்டது, எங்களுக்கு இன்னும் வட ஆர்க்காடுதான். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர் பெயர்களும் வள்ளல்கள் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். 'கொண்டை ஊசி' அப்படியே ஆங்கிலத்தைப் பெயர்த்ததுதான், இன்றைக்குப் பேருந்து ஓட்டுநர்கூட அப்படித்தான் சொல்கிறார். குதிரைத்திறனும் அப்படியே. டுவோனோ, இன்டர்செப்டர் இரண்டுக்கும் ஏறக்குறைய 47 குதிரை. இரண்டு கம்பெனியும் பேசிவைத்துக்கொண்டதில்லை. ஐரோப்பாவில் ஏ2 வகை ஓட்டுநர் உரிமத்துக்கு 35 கிலோவாட், அதாவது அதே 47 குதிரைதான் வரம்பு, அதற்குள் நிற்கிற மாதிரிதான் செய்வார்கள்.

உருளைக்கு எதிரி ஆங்கிலம் இல்லை, வேறு இரண்டு. ஒன்று அதன் சொந்தத் தம்பி. மோட்டார் சைக்கிளுக்கு இலங்கைத் தமிழர்கள் 'உந்துருளி' என்று எழுதுகிறார்கள், அழகான சொல். ஆனால் அதில் உருளி என்றால் சக்கரம். 'இரட்டை உருளை உந்துருளி' என்று எழுதினால் இரண்டு சக்கரத்தைச் சொல்கிறானோ என்று படிப்பவர் தடுமாறுவார். 'ஈருருளை' என்று சுருக்கலாம் என்றால், சைக்கிளுக்கு ஏற்கெனவே 'ஈருருளி' இருக்கிறது, ஓர் எழுத்துதான் வித்தியாசம். அச்சுப்பிழை ஒன்று போதும், நாலு லட்ச ரூபாய் வண்டி மிதிவண்டி ஆகிவிடும். அதனால் முழு வண்டிக்கு 'வண்டி' போதும் என்பேன். தமிழ், தெலுங்குப் பக்கத்திலிருந்து ஆங்கிலேயர்களே 'பண்டி' என்று எடுத்துக்கொண்டு போன சொல், அதில் என்ன குறை?

என் தீர்ப்பை அக்கா மகனிடம் சொன்னேன். பேசும்போது 'இரட்டைச் சிலிண்டர்', ச் போட்டு. எழுதும்போது பொதுவாக 'இரட்டை உருளை', உன் வண்டி வகைக்குக் குறிப்பாக 'இணை உருளை'. அவனும் உற்சாகமாக வண்டியோடு ஒரு படம் எடுத்து, 'நம்ம இணை உருளை வந்தாச்சு' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான்.

இரண்டாவது எதிரி அன்று சாயங்காலம் வந்தது. நேதாஜி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிற அவன் நண்பனிடமிருந்து பதில்: "எந்த ஊர் உருளை மச்சான், மூட்டை என்ன ரேட்டு?"