ரெண்டு கம்மலும் தெரியணும்

வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தால், பாதி நேரம் அது சாவுச் செய்திதான். "அண்ணே, ஆயா பூடுச்சு. பேனருக்கு ஒரு படம் வேணும்" என்பார்கள். வாட்ஸ்அப்பில் வருவது ஏதோ ஒரு கல்யாணத்தில் பத்துப் பேர் நிற்கும் படமாக இருக்கும். ஆயா ஓரத்தில் நிற்பார், பாதி முகத்தை யாருடைய தோளோ மறைத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் ஆதார் அட்டை. அதை வெட்டி, பின்னால் மேகத்தைப் போட்டு, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் முகம் கூழாகிவிடும். எழுபது வருஷம் வாழ்ந்த மனுஷி தெருமுனையில் கடைசியாக நிற்பது அந்த முகத்தோடுதான்.

இப்படி எத்தனையோ பேனர் செய்து கொடுத்தும் எனக்கு உறைக்கவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாதான் உறைக்க வைத்தார்.

அப்போது புதுசாக கேமரா வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய், சுருக்கம் விழுந்த முகமாகத் தேடுவேன். (இன்றைக்கும் அங்கே மீன் வாங்க வரும் கூட்டத்தோடு படம் பிடிக்க வரும் கூட்டமும் உண்டு.) ஏலக் கூச்சலுக்கு நடுவே அந்த அம்மா வெற்றிலையை மென்றபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே எடுத்தேன். கருப்பு வெள்ளையாக்கி, சுருக்கமெல்லாம் கத்தியால் கீறியது மாதிரி தெரிகிற அளவுக்கு கான்ட்ராஸ்ட் ஏற்றினேன். ஒரு போட்டியில் பரிசுகூடக் கிடைத்தது. பெருமையாகப் பிரிண்ட் போட்டு அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உற்றுப் பார்த்தார். "இன்னாப்பா இது, எங்க ஊட்டுக்காரர் செத்த அன்னிக்குக் குந்தினு இருந்தா மாதிரி கீறேன்?" என்றார். பக்கத்துக் கடைக்காரம்மா சிரித்துவிட்டார். "நல்ல பொடவ கட்டினு வரேன், ஒயுங்கா ஒண்ணு எடுத்துக் குடு."

வந்தார். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, காதில் கல் கம்மல். நான் கற்ற பாடப்படி முகத்தை முக்கால் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினால் ஒரு கம்மல் மறைகிறது. நான் திருப்புவேன், அவர் நேராக உட்காருவார். நாலு தடவை இப்படியே நடந்தது. கடைசியில் சொன்னார்: "அடவுக் கடையிலேர்ந்து மீட்டு ஒரு வாரந்தான் ஆவுது தம்பி. ரெண்டும் தெரியணும்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அவர் வீட்டில் வருஷா வருஷம் அந்த நாட்களில் கம்மல் அடகுக்குப் போகும். எனக்குத் தெரிந்தது சுருக்கம் மட்டும்தான். விளக்கை அவருக்கு நேர் முன்னே கொஞ்சம் உயரத்தில் வைத்து, நேராகவே எடுத்தேன். இரண்டு கம்மலும் மின்னின.

அதற்கப்புறம் கேமராவை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்தப் படம் எதுக்கு, எங்கே மாட்டப் போறீங்க? பேச்சு அங்கே தொடங்கிவிடும். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பையன் ஜாதகத்தோடு கொடுக்கப் படம் எடுக்க கோட் போட்டு வந்து மரம் மாதிரி நிற்பான். எந்த பொசிஷன் ஆடுவே என்று கேட்டால் போதும், தோள் இறங்கிவிடும். "இது நான் மாதிரியே இல்லையே" என்று சிலர் சொல்வதையும் வீம்பு என்று நினைக்கக் கூடாது. அவரவருக்குப் பழகிய முகம் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவது. கிட்டே போய் வைட் லென்ஸில் எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். ஆறடி தள்ளி நின்று 85 எம்எம் லென்ஸ் போடுங்கள்.

நிறம்தான் பெரிய தலைவலி. கேமரா மீட்டர் எதிரே இருப்பதையெல்லாம் சராசரி சாம்பல் நிறமாகக் கணக்குப் பண்ணும். காசிமேட்டில் பின்னால் வெளுத்த வானமும் ஐஸ் குவியலும் இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கறுத்த முகம் இருட்டில் போகும். அதை கம்ப்யூட்டரில் தூக்கினால் சாம்பல் பூசியது போலாகும். தப்பு முகத்தில் இல்லை, அளவெடுத்த இடத்தில். முகத்தில் மட்டும் ஸ்பாட் மீட்டர் வைத்து அளவெடுங்கள், கறுத்த முகத்தையும் அது சாம்பலாக வெளுக்கப் பார்க்கும் என்பதால் அந்த அளவிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டில் பெரிய சாஃப்ட்பாக்ஸ் (விளக்கொளியை மென்மையாக்கும் துணிப் பெட்டி) வையுங்கள். கறுப்புத் தோலில் ஒளி வழுக்கிப் போகும் அழகே தனி. கலர் பிரிண்ட் சரிபார்க்க கோடாக் லேபுகளுக்குக் கொடுத்த ஷெர்லி கார்டில் பல வருஷம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. நம் ஊர் முகத்தை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

ஆனால், "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்கண்ணா" என்று படம் எடுக்க வந்த பெண்ணே கேட்டால்? அவர் விருப்பம்தானே பெரிது என்று இவ்வளவு நேரம் பேசியவன் நான். முதலில் சரியான வெளிச்சத்தில் எடுத்து ஸ்கிரீனில் காட்டுவேன். பல பேர் அதற்கப்புறம் கலர் பேச்சையே எடுப்பதில்லை. எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏற்றித்தான் கொடுக்கிறேன், மனசில்லாமல். கறுப்பு என்று தன் வீட்டில் அந்தப் பெண் கேட்கிற பேச்சை நானா கேட்கிறேன்?

இன்னொன்று, என் தப்பு. ஒரு பெண்ணின் படம் நன்றாக வந்ததென்று கடை ஷோகேஸில் வைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க, அப்பா கடைக்கே வந்துவிட்டார். 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை அதற்குப் பிறகுதான் படித்தேன். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். இன்ஸ்டாகிராமில் போடும் நம் ஆட்கள் பல பேருக்கு இது தெரியாது. ஒரு வெள்ளைத்தாளில் சம்மதம் எழுதி வாங்க இரண்டு நிமிஷம் ஆகும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது தடைக்காலத்தில் நான் காசிமேட்டுக்குப் போகிறேன். வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பேச நேரம் இருக்கும். எடுத்த படத்தை மேக்ஸி சைஸில் (நாலுக்கு ஆறு இஞ்ச்) பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கையில் கொடுத்துவிடுவேன். பட்டுச் சேலைக்காரம்மா அக்கம்பக்கத்துக் கிழவிகளை ஸ்டுடியோவுக்கே கூட்டி வருகிறார். நான் லைட்டைச் சரிசெய்வதற்குள், பின்னாலிருந்து அவர் குரல் வந்துவிடும்: "மூஞ்சியத் திருப்பாதக்கா. அவன் சொல்லுவான், திருப்பாத."