அழுகுதொட்டி: சொல் விளக்கம்

‘செப்டிக் டேங்க்’ என்று நாம் வழங்கும் தொடருக்கு நேரான தமிழ்ச் சொல் அழுகுதொட்டி. கழிப்பறையிலிருந்து வரும் மலமும் நீரும் மூடிய நிலத்தடித் தொட்டியில் தங்கி, காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்களால் அழுகிச் சிதையும் அமைப்பை இது குறிக்கிறது.

செப்டிக் என்பது ‘அழுகச் செய்தல்’ எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்தில் புகுந்த சொல். புண்ணுக்கு இடும் ஆன்டிசெப்டிக் மருந்தின் பெயரிலும் இருப்பது அதே வேர்தான்; அது அழுகலைத் தடுப்பது. கிருமிநாசினியை மிகுதியாகக் கழிப்பறையில் ஊற்றினால் தொட்டியின் வேலை கெடுவதும் இதனாலேயே. பிரான்சில் மூரா என்பவர் இவ்வகைத் தொட்டிக்கு 1881இல் காப்புரிமை பெற்றார். ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயரை 1895இல் சூட்டியவர் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரைச் சேர்ந்த டொனால்ட் கேமரன். டேங்க் என்பதோ, நிலத்தடி நீர்த்தேக்கத்தைக் குறித்த குஜராத்தி, மராத்திச் சொற்களிலிருந்து, போர்த்துகீசியச் சொல்லொன்றின் சாயலும் சேர்ந்து, ஆங்கிலத்துக்குப் போனதாக அகராதிகள் கூறும்.

தமிழில் நச்சுத்தொட்டி, மலக்குழி, கழிவுநீர்த் தொட்டி என்ற பெயர்களும் வழங்குகின்றன. செப்டிக் என்பதற்கு நஞ்சு என்பது நேர்ப்பொருள் அன்று. ஆயினும் அழுகலின்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் பிறந்து, உள்ளே இறங்குவோரின் உயிரைப் பறிப்பதால், அப்பெயரை முற்றும் தள்ளிவிட மனம் வரவில்லை. பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை இதற்குள் இறக்குவதை கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மலக்குழி என்பது சுவரோ தளமோ இல்லாத வெறுங்குழிக்கும் பொருந்தும். கழிவுநீர்த் தொட்டி என்பதில் உள்ளே நடப்பது என்ன என்ற குறிப்பே இல்லை. அழுகுதொட்டி வினைத்தொகை, ஆகவே இடையில் வல்லெழுத்து மிகாது.

இப்பெயரை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அழுகுதல் வேறு, தூய்மையாதல் வேறு என்பதை அது மறைக்காமல் சொல்வதுதான். தொட்டியில் கனமானவை கசடாக அடியில் படியும்; எண்ணெய்ப் பசையுள்ளவை மேலே ஏடாக மிதக்கும்; நடுவிலுள்ள நீர் வெளியேறும். பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் அந்நீரில் நோய்க்கிருமிகளும், நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளும் இருக்கின்றன. அதனால்தான் தொட்டியை அடுத்து, நீரை மண்ணுக்குள் இறக்கி வடிகட்டும் உறிஞ்சுகுழி வேண்டும். தளம் போடாத, உறிஞ்சுகுழியும் இல்லாத ஒன்றை அழுகுதொட்டி என்று எழுதுவதே பிழை.

குமரி மாவட்டத்தில் இப்பிழையின் விளைவு விரைவில் ஆற்றை அடையும். இங்கு வீடுகள் நெருங்கியுள்ளன. கிணறும் தொட்டியும் பெரும்பாலும் ஒரே புரையிடத்தில், அதாவது வீட்டு மனையில், அமைகின்றன. இரு பருவமழையும் பெய்வதால் நிலத்தடி நீர் மேலேறுகிறது. ஓடையில் திறந்துவிடப்பட்ட தொட்டிநீர் சானல் எனப்படும் பாசனக் கால்வாய்க்கும், சானல்வழிக் குளத்துக்கும் வயலுக்கும் போகிறது. மலையில் பிறக்கும் பழையாறும் குழித்துறைத் தாமிரபரணியும் சில பத்துக் கிலோமீட்டரிலேயே முறையே மணக்குடியிலும் தேங்காப்பட்டணத்திலும் கடலைச் சேர்ந்துவிடுவதால், ஓடும் போக்கில் தம்மைத் தாமே தெளிவித்துக்கொள்ள அவற்றுக்குக் காலம் மிகக் குறைவு. பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சுசீந்திரம், தேரூர்க் குளங்களுக்கோ தேங்கிய நீரில் சேரும் சத்துகளே பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகக் காரணமாகும்.

இதனோடு இணைந்த சொல் மலக்கசடு. கசடு என்பது அடிமண்டியையும் குற்றத்தையும் குறிக்கும் பழஞ்சொல். குறளின் ‘கற்க கசடற’ என்பதில் வருவது இரண்டாம் பொருள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றாவிட்டால் கசடு தொட்டியில் நிறைந்து, நீர் தங்கித் தெளியும் நேரம் குறைந்து, அழுகாத மலமே வெளியேறும். லாரியில் உறிஞ்சி எடுத்த கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்கே செல்ல வேண்டும். அங்குத் திடப்பொருளை உலர்த்தி, பிரிந்த நீரைத் தனியே சுத்திகரித்த பின்னரே வெளியேவிட வேண்டும்.