கள்ளத்தோணி: சொல்லும் மாற்றுச் சொல்லும்

திருகோணமலையில் செய்தி எழுதத் தொடங்கிய காலத்தில் நானும் இந்தச் சொல்லைத் தலைப்பில் போட்டிருக்கிறேன். அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட படகொன்றைக் கடற்படை மறித்த செய்தி அது. சில மாதம் கழித்து, அந்தப் படகில் இருந்த ஒரு பையனின் தாயைச் சந்தித்தேன். பத்திரிகையில் வந்த படத்தைச் சுவாமித் தட்டில் வைத்திருந்தார். தலைப்பு இருந்த துண்டை மட்டும் கத்தரித்து எறிந்திருந்தார். "தம்பி, காணி உறுதியை ஈடு வைச்சுத்தான் அவனை அனுப்பினனான். இதில என்ன கள்ளம்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். தோணி பழைய சொல், புறநானூற்றிலேயே உண்டு. 'கள்ள' என்ற முன்னொட்டுக்கு நம் பேச்சில் இரண்டு பொருள். கள்ளக்காசு, கள்ள உறுதி என்றால் போலி. கள்ளச்சாராயம் என்றால் அனுமதி இல்லாதது. கள்ளத்தோணி இரண்டாவது வகை, அனுமதியின்றிக் கரைதட்டும் படகு. அதுவரை குறை தோணியின் மேல்தான். அப்புறம் அதில் வந்த ஆளையே 'கள்ளத்தோணி' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஊர் சிரித்தது என்பதுபோல இதுவும் இடவாகுபெயர்தான். ஆனால் இங்கே பெயரோடு சேர்ந்து பழியும் ஆளுக்கு மாறிவிட்டது. சிங்களமும் இந்தச் சொல்லை அப்படியே வாங்கி வசையாக்கிக்கொண்டது.

இந்த வசையை அதிகம் சுமந்தவர்கள் மலையகத் தமிழர். இலங்கைத் தோட்ட வேலைக்கென்று கங்காணிமார் (ஆள்சேர்ப்பவர்கள்) தமிழ்நாட்டில் திரட்டி, இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் இருந்த முகாமில் தடுத்து வைத்துச் சோதித்து, பதிந்து அனுப்பிய மக்களின் பிள்ளைகள் அவர்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களிடம் பத்திரம் இல்லாமல் போனது அரசு கொடுக்க மறுத்ததால். அதற்குப் பிறகும் கள்ளப் பட்டம் அவர்களுக்கே சூட்டப்பட்டது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் ஒப்பந்தம் எழுதி, இத்தனை லட்சம் பேர் உங்களுக்கு, இத்தனை லட்சம் பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு எண்பதுகளிலும் 1990இலும் எங்கள் மாவட்டத்து மக்கள் படகேறி இராமேஸ்வரம் போனபோது, அதே மண்டபம்தான் பலருக்கு முதல் முகாம். கடவுச்சீட்டில்லாமல் போன அவர்கள் இந்தியச் சட்டத்தின் கண்ணில் 'சட்டவிரோதக் குடியேறிகள்' ஆனார்கள்.

2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் கண்டெடுக்கப்பட்ட ரோஹிங்யா மக்கள், நூறு பேருக்கும் மேல், எங்கள் துறைமுகத்துக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். நிறையச் சிறுபிள்ளைகள். அவர்கள் அகதிகளா, சட்டவிரோதமாக வந்தவர்களா என்ற பேச்சு உடனே எழுந்தது. மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிய கதை அந்தச் செய்திகள் பலவற்றில் ஒரு வரிகூட வரவில்லை. 1948ஐ அறிந்த நாம்தான் அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

சரி, மாற்றுச் சொல் என்ன? 1975இலேயே ஐ.நா. பொதுச்சபை 'ஆவணமற்ற தொழிலாளர்' என்ற வகைச் சொற்களைப் பயன்படுத்தச் சொன்னது. 2013 ஏப்ரலில் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக்கையேட்டைத் திருத்தியது: 'சட்டவிரோதம்' செயலைக் குறிக்கலாம், மனிதரைக் குறிக்கக் கூடாது.

தமிழில் 'ஆவணமற்ற குடியேறி' என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அது சரியாக இருக்கலாம். கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்களைக் கண்ட எங்கள் மாவட்டத்தில் 'குடியேற்றம்' என்றாலே அரசு ஆட்களைக் கொண்டுவந்து காணியில் இருத்துவது. 'குடியேறி' என்று படித்ததும் வாசகர் மனத்தில் வேறு படம் வரும். அதனால் நான் 'ஆவணமற்ற குடிபெயர்ந்தோர்' என்றே எழுதுகிறேன். இடம் இருந்தால் இன்னும் எளிதாக, 'ஆவணமில்லாமல் வந்தவர்கள்'.

தஞ்சம் கேட்டு வந்தவர் என்றால் அகதி. அது வடசொல்: கதி இல்லாதவர், போக்கிடம் அற்றவர். தமிழில் ஏதிலி. குறளில் 'ஏதிலார்' என்றால் அயலார். அயலார் குற்றத்தைப் பார்ப்பதுபோல் தன் குற்றத்தையும் பார்க்கச் சொல்லும் 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்' என்ற குறளைச் செய்தி அறைச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. ஆனால் எல்லாரையும் ஏதிலி என்று எழுதிவிடவும் முடியாது. வேலை தேடிப் போனவரும் உயிருக்கு அஞ்சிப் போனவரும் ஒரே படகில் இருப்பார்கள். கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இலங்கைச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லாத வழியால் வெளியேறுவது குற்றம். அதை மறைக்கத் தேவையில்லை. 'அனுமதியின்றிக் கடல்வழி வெளியேற முயன்றதாகப் படகில் இருந்தோர் மீது வழக்கு' என்று எழுதலாம். பெயர், ஊர், முகம் வேண்டாம். திருப்பி அனுப்பப்பட்டவர் அதே ஊரில்தான் வாழப் போகிறார். தலைப்பு நீளமாகிவிட்டால் எழுத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.